முதல் எதிரி சூசையம்மாள்

"யாரு குத்தம் சொல்றாங்களோ அவங்கதான் நிரூபிக்கணும்" என்று சொல்லியபடி, திறந்து காட்ட வேண்டிய வஞ்சிரத்தின் செவுளைச் சூசையம்மாள் விரலால் அழுத்தி மூடிவைக்கிறார். எதிரே குனிந்து நிற்பவர் சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கப் பழவேற்காட்டுக்கு வந்தவர். "நேத்து மீனா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்த பிழை.

"நேத்து மீனு இல்லன்னு நான் சொல்லத் தேவையில்ல சார். நேத்து மீனுதான்னு நீங்க காட்டணும். சட்டம் அப்டி."

வந்தவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் குந்தி உட்கார்ந்து தன் கையாலேயே செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். உள்ளே புது ரத்தம் போலச் சிவப்பு. பையை நீட்டுகிறார். "கேஸு தள்ளுபடி" என்று சூசையம்மாள் தராசை எடுக்கிறார்.

லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, நல்ல கனம். கரையில் நின்றபடி கடலுக்குள் இருக்கும் படகைக் கூப்பிட்டுப் பழகிய குரல் என்பதால், பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வதும் அவருக்கு ஊர் அறிவிப்புதான். கழுத்தில் ஜெபமாலை உண்டு. வியாபாரம் தொடங்கும்போது அதன் சிலுவையை மட்டும் முதுகுப்பக்கமாகத் தள்ளிவிடுகிறார். கேட்டால், "வெல சொல்றப்ப அவரு பாக்க வாணாம்" என்கிறார். கடை முடிந்ததும் சிலுவை முன்னால் வந்துவிடும்.

நான் கருவாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதத்தான் அந்தக் குப்பத்துக்குப் போனேன். நெத்திலி எத்தனை வெயில் தாங்கும் என்று அவரிடம் கேட்டேன். "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னு கட்டாயம் உண்டா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். கருவாடு அன்றோடு என் கையை விட்டுப் போய்விட்டது.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் பால்ராஜ் ஃபைபர் படகில் போகிறவர், அதிகம் பேசாதவர். அவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "குழம்புல உப்ப ரெண்டு வாட்டி போட்டுட்டியா?" என்று கேட்டாராம். "எனக்கு எதிரா நானே சாட்சி சொல்ல மாட்டேன்" என்று பதில் வந்ததாம். "கேஸுக்கு முன்னாடி என்னாண்ட சண்ட போடுவா சார்" என்றார் பால்ராஜ், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப வாய்தா கேக்குறா."

அந்தக் கேஸ்தான் சூசையம்மாளின் கல்லூரி. அவர் கற்றது அத்தனையும் அதில் கற்றதுதான்.

லைட்ஹவுஸுக்குப் போகும் ரோட்டின் ஓரத்தில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. குப்பத்துப் பெண்கள் பழைய வலைகளை அங்கே விரித்து நெத்திலி காயவைப்பார்கள். சூசையம்மாளின் வலை மட்டும் பாதி மணலிலும் பாதி தார் ரோட்டிலும் கிடக்கும். "தாரு நல்லா சுடும் சார். கவருமெண்டு போட்ட அடுப்பு" என்பது அவர் தரும் விளக்கம். அந்தத் திட்டை ஒட்டி இடம் வாங்கி, கடல் காற்றுக்காக வீடு கட்டியவர் வேதாசலம் என்கிற ஓய்வு பெற்ற அதிகாரி. காற்று அவருக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. ஆனால் அந்தக் காற்றில் வருஷத்தின் பாதி நாள் நெத்திலியும் கலந்து வரும் என்பதை இடம் விற்றவர் சொல்லவில்லை. பாவம், ஜன்னலைத் திறந்தால் கருவாடு, மூடினால் புழுக்கம் என்று அவர் காலம் போனது.

ஒருநாள் காலையில் அவர் அவசரமாகக் காரை எடுத்தார். ரோட்டில் கிடந்த பாதி வலையின்மீது ஏற்றினார். பழைய வலை சும்மா விடுமா, முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கார் போனது, கூடவே வலையும் போனது, வலையோடு அந்த வாரத்து நெத்திலி முழுவதும் போனது. ஒரு கையில் மூங்கில் கூடையோடு சூசையம்மாள் பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால், சிரிப்பை அடக்க முடியாமல், பக்கத்து வீட்டு ஜமுனா ஓடினார். லைட்ஹவுஸுக்குச் சற்று முன்னால் வலை இறுகி, கார் தானாகவே நின்றது.

அங்கேதான் சூசையம்மாள் பேசினார்.

அவர் திட்டும் முறையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடுத்தவர் தாயை இழுக்க மாட்டார். "அவங்கம்மா இன்னா பண்ணாங்க, அவங்களா வண்டிய ஓட்னாங்க?" என்பார். சாதி கிடையாது, உறுப்புகள் கிடையாது, சாவு கிடையாது. ஆளுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி அப்போதே செய்து கொடுப்பார். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்வதில்லை. குப்பத்தில் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் அதைக் கொஞ்சம் பெருமையாகவே வெளியில் சொல்லிக்கொள்கிறார்கள்.

வேதாசலத்துக்குக் கிடைத்தது இது: "நீ ஆயுசுக்கும் வாங்குற மீனெல்லாம் முந்தாநாள் மீனா இருக்கும். நல்லா செவுளத் தூக்கிப் பாத்து, மோந்து பாத்து, செவப்பா இருக்குதுன்னு வாங்கினு போவ. வூட்ல போயி சட்டியில போட்டா முந்தாநாள் மீனா இருக்கும்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த கூடையால் காரின் பானெட்டில் ஓங்கி ஒரு அடி. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடையின் அடிப்பாகம் பிய்ந்து போனது.

வேதாசலம் ஸ்டேஷனில் இரண்டு பெண்கள்மீதும் புகார் கொடுத்தார். அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் ஏட்டு ஒருவர் பைக்கில் வந்து, விசாரணைக்கு வரச் சொன்னார். "சோறு வடிச்சிக்கினு இருக்கேன், இப்ப வர முடியாது" என்றார் சூசையம்மாள். ஏட்டு வாசலில் நின்று பார்த்தார், சோறு வடிகிற வழியாக இல்லை, திரும்பிப் போய்விட்டார். பொழுது சாய்ந்த பிறகு பெண்களைக் கைது செய்து கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். "எனக்கு அது அப்ப தெரியாது சார். சோறு கொழைஞ்சிடுமேன்னுதான் சொன்னேன். அப்பால வக்கீலம்மா சொல்லித்தான் தெரியும், அது என் உரிமையாம்." தெரியாமலே ஓர் உரிமையைப் பயன்படுத்திவிட்டதில் அவருக்கு இன்றும் ஆச்சரியம்.

மறுநாள் காலையில் இரண்டு பெண்களும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே போலீஸ்காரர்கள் நயமாகத்தான் பேசினார்கள். சின்னக் கேஸு, கோர்ட்டில் போய் ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும், கூடவே இனிமேல் அந்தத் திட்டில் மீன் காயவைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் புகார் கொடுத்தவருக்கும் மனசு ஆறும் என்றார்கள். ஜமுனாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கோர்ட்டுக்கு அலைகிற நாளெல்லாம் பிழைப்பு போகும் என்பது அவர் கவலை. சூசையம்மாளுக்கு இரண்டாவது பாதி தொண்டையில் முள்ளாக நின்றது. அந்தத் திட்டு போனால் குப்பத்தில் பாதிப் பெண்களுக்குக் காயவைக்க வேறு இடமில்லை. கடல் பக்கம் அலை ஏறுகிறது. உள்பக்கம் எல்லாம் வேலி போட்டாகிவிட்டது.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தபோது, இலவச சட்ட உதவி மையத்தின் வழியாக எப்சிபா என்ற இளம் வக்கீல் அவர்களுக்குக் கிடைத்தார். ஆளைவிடப் பெரிய பை வைத்திருப்பவர். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் படிப்பார். காசில்லாமல் கிடைக்கும் வக்கீலைச் சூசையம்மாள் முதலில் நம்பவில்லை. கடைசியில் மிஞ்சும் மீனைத்தான் அவரே சும்மா கொடுப்பது வழக்கம். "வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களுக்கு அரசாங்கம் வக்கீல் தரணும், அக்கா. உங்களுக்குத் தர்மம் பண்ண நான் வரல" என்றார் எப்சிபா. அந்தப் பதில் சூசையம்மாளுக்குப் பிடித்துவிட்டது.

குற்றப்பத்திரிகையின் நகலை எப்சிபா வாசித்துக் காட்டினார். முதல் வரியிலேயே தகராறு வந்தது. கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். சூசையம்மாள் முதல் எதிரி. ஜமுனா இரண்டாம் எதிரி.

"நான் யாருக்கு எதிரி?"

"அது சும்மா ஒரு பேரு, அக்கா. கேஸ்ல அப்படித்தான் எழுதுவாங்க."

"அவருதான் என் நெத்திலி மேல ஏத்துனாரு. அவரு இன்னா?"

"அவர் சாட்சி."

சூசையம்மாள் ஜமுனாவைப் பார்த்தார். ஜமுனா தரையைப் பார்த்தார். எப்சிபா மேலே வாசித்தார். எதிரிகள் இருவரும் வேதாசலத்தை வழிமறித்து, பொது இடத்தில் ஆபாச வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார்கள் என்று இருந்தது. அந்த வார்த்தைகள் என்னென்ன என்பதும் இருந்தது. எப்சிபா குரலைத் தாழ்த்தி அவற்றை வாசித்தார். பத்திரிகையில் அச்சிட முடியாதவை. உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்தவைதான்.

சூசையம்மாள் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இத்த யாரு பேசுனது?" என்று கேட்டார்.

"நீங்க பேசினதா எழுதியிருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து."

"ரெண்டு பேரும் ஒண்ணா பேச அது இன்னா கோயில் பாட்டா?" அவர் முகம் உண்மையிலேயே வாடிவிட்டது. "பாப்பா, நான் திட்டுனது நெஜம். ஆனா இது என் திட்டு இல்ல. இத்தப் போயி நான் பேசுனேன்னு கையெழுத்துப் போட்டா குப்பத்துல எவ மதிப்பா?"

எப்சிபா பையைத் துழாவி இன்னும் சில கேஸ்களின் காகிதங்களை எடுத்தார். ஒன்று வாய்க்கால் தகராறு. எதிரி ஒரு பூசாரி. இன்னொன்று கார் நிறுத்தும் சண்டை. எதிரி ஒரு கல்லூரிப் பேராசிரியர். எல்லாவற்றிலும் எல்லாரும் அதே வார்த்தைகளை அதே வரிசையில் பேசியிருந்தார்கள். பேராசிரியர் ஓர் எழுத்துகூட மாற்றிப் பேசவில்லை.

"பாவம், வாத்தியாரு" என்றார் ஜமுனா. கேஸ் தொடங்கியதிலிருந்து அவர் வாய் திறந்து சொன்ன முதல் கருத்து அது.

பிறகு எப்சிபா பாடம் நடத்தினார். நீதிபதி குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார். இல்லை என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. சொன்னால் நீதிபதி கோபித்துக்கொள்ள மாட்டார். அதற்குப் பிறகு நிரூபிப்பது அரசாங்கத் தரப்பின் வேலை. "நீங்க குற்றம் செய்யலன்னு நீங்க காட்ட வேண்டியதே இல்ல. வாயே திறக்காம நிக்கலாம். சும்மா இருக்கிறது உங்க உரிமை, அக்கா."

"சும்மா இருக்கிறது உரிமையா? எங்கூட்ல அது வசவு."

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. கூடையால் அடித்ததைச் சூசையம்மாளே சொன்னார். எப்சிபா காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். செய்யாததெல்லாம் அதில் இருந்தது. செய்த ஒன்று இல்லை.

"இத யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"சாமியாருகிட்ட சொன்னேன்."

ஞாயிறுதோறும் பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் சூசையம்மாள். பங்குச் சாமியார் கேட்டுவிட்டு, 'அருள் நிறை மரியே' ஜெபத்தை மூன்று முறை சொல்லும்படி பணித்திருந்தார். சொல்லியாகிவிட்டது. ஆனால் அங்கே முழங்காலில் நின்றால் கேட்காததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைத்தால் அது தனிப் பாவம். இங்கே கூண்டில் நின்றால் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு ஏற்பாட்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ராத்திரி படுத்தபடி, "அங்க சொன்னா மன்னிப்பு, இங்க சொன்னா தண்டனை. அப்ப எங்க சொல்றது?" என்று பால்ராஜைக் கேட்டிருக்கிறார். "எங்கயாச்சும் சொல்லிட்டுத் தூங்கு" என்றிருக்கிறார் அவர்.

அடுத்து நடந்ததை எப்சிபா, ஜமுனா, சூசையம்மாள் மூவரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்றும் ஒத்துப்போகின்றன.

முதல் வாய்தா அன்று கோர்ட்டில் சின்னக் கேஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஹெல்மெட் போடாதவர், சீட்டாடியவர், குடித்துவிட்டு ரோட்டில் படுத்தவர். பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் போய், "ஒத்துக்கிறேன்யா" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரி அது மளமளவென்று நகர்ந்தது. ஜமுனாவின் உதடும் அந்த வார்த்தைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சூசையம்மாள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நீதிபதி கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர், பொறுமைசாலி. குற்றச்சாட்டை எளிய தமிழில் விளக்கிவிட்டு, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்.

இல்லை என்ற ஒற்றைச் சொல்லைச் சூசையம்மாள் பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிப் பார்த்திருந்தார். இப்போது வாயைத் திறந்தால் வேறு வந்தது. "எந்தக் குத்தம்யா? எங்கிட்ட ஒண்ணு இருக்குது. ஆனா அது இதுல இல்ல."

எப்சிபா பேனா மூடியைக் கடித்ததில் அது பிளந்துவிட்டதாம். "என் கட்சிக்காரர் குற்றத்தை மறுக்கிறார், ஐயா" என்று எழுந்தார்.

நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டுச் சூசையம்மாளைப் பார்த்தார். "இந்தக் காகிதத்தில் இருக்கிறதைப் பற்றி மட்டும்தான் கேட்கிறேன். இதில் சொன்னதைச் செய்தீர்களா?"

"இதுல சொன்னது ஒண்ணையும் செய்யலய்யா."

ஜமுனா, "நானும்" என்றார். வழக்கு விசாரணைக்குப் போனது.

சில மாதம் கழித்து வேதாசலம் சாட்சி சொல்ல வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கூண்டில் ஏறிப் புகாரில் உள்ளபடி பொதுவாகச் சொன்னார். பிறகு குறுக்கு விசாரணைக்கு எப்சிபா எழுந்தார்.

"முதல் எதிரி என்ன வார்த்தை சொன்னாங்கன்னு நீங்களே சொல்லுங்க சார்."

"புகார்ல இருக்கு, மேடம்."

"புகாரை நீங்க எழுதினீங்களா?"

"கேவலமாத் திட்டினாங்கன்னு சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டேன்."

எப்சிபா காகிதத்தை அவர் கையில் கொடுத்து, அந்த வரியைக் காட்டினார். வேதாசலம் படித்தார். காது சிவந்தது. அவ்வளவு நாளில் அவர் அதை முழுசாகப் படித்ததே இல்லை போலிருக்கிறது. "இதெல்லாம் என் வாயால எப்படிங்க சொல்றது" என்றார்.

"சொல்ல வேண்டாம். இதைச் சொன்னாங்களா, இல்லையா?"

வேதாசலம் கூண்டின் கட்டையைத் தடவினார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர் என்று எப்சிபாவே எனக்குச் சொன்னார். "இதைச் சொல்லலங்க. ஆனா இதைவிட மோசமாச் சொன்னாங்க."

நீதிபதி நிமிர்ந்தார். "என்ன சொன்னார்கள்?"

"ஆயுசுக்கும் எனக்கு முந்தாநாள் மீனுதான் கிடைக்கும்னு சொன்னாங்க, ஐயா."

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். வேதாசலம் திரும்பிப் பார்த்தார். "சிரிக்கிற விஷயம் இல்ல சார். அன்னையிலேருந்து நான் எங்க வாங்கினாலும் சந்தேகமா இருக்கு. கடை கடையா மாத்திட்டேன். கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு, சட்டியில போட்டா அவங்க குரல் கேக்குது. என் சம்சாரம் இப்ப வெறும் காய்கறிதான் சமைக்கிறா. கடல் பக்கத்துல வீடு கட்டி நான் சுரைக்காய் சாப்பிடறேன்."

சூசையம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமா, பெருமையா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார்.

"கொல்லுவேன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"வழிமறிச்சாங்களா?"

"வலை சுத்திக்கிச்சு. வண்டி தானா நின்னுடுச்சு. அப்புறம் ஓடி வந்து பானெட்டுல..."

"வேற கேள்வி இல்லை, ஐயா" என்று எப்சிபா உட்கார்ந்துவிட்டார். அரசு வக்கீல் அப்போது அடுத்த கேஸின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரிகள் நிற்கும் இடத்தில் சூசையம்மாளின் வாய் திறந்தது. ஜமுனா அவர் இடுப்பில் கிள்ளினார். வாய் மூடிக்கொண்டது.

சாட்சி முடிந்த பிறகு, அதைப் பற்றி எதிரி என்ன சொல்கிறார் என்று நீதிபதி கேட்பது முறை. எல்லாரும் 'பொய் சாட்சி' என்றுதான் சொல்வார்கள். டைப் அடிப்பவர் பழக்கத்தில் அதை முன்கூட்டியே அடித்தும் வைத்துவிட்டார்.

"சாட்சி சொன்னதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?"

"அத்தனையும் நெஜம்யா. மீனு விஷயம் நான்தான் சொன்னேன்."

அடித்ததை அழிக்க வேண்டியதாயிற்று. நீதிபதி முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் அடுத்ததைக் கேட்டார். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

எப்சிபா அவசரமாக எழுந்து வந்தார். பக்கத்தில் வந்து நின்று கொள்ளலாமே தவிர, வாயைப் பொத்த வக்கீலுக்கு உரிமை இல்லை. ஜமுனா மறுபடி கிள்ளினார், பலன் இல்லை. சூசையம்மாள் ஜெபமாலையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு இருக்குதுய்யா. ஆனா அத்த யாருமே எங்கிட்ட கேக்கல."

நீதிபதி காகிதத்தைப் பார்த்தார். சூசையம்மாளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். "குற்றச்சாட்டில் இல்லாததை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அம்மா. சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது."

"ஆண்டவரே கேட்டாருன்னா?"

"அது என் அதிகார எல்லைக்குள் வராது" என்றார் நீதிபதி.

"அவருகிட்ட சொல்லியாச்சுய்யா" என்றார் சூசையம்மாள். வாழ்க்கையிலேயே முதன்முறையாக, சொல்ல விஷயம் இருந்தும், அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

தீர்ப்பு நாளன்று இருவருக்கும் விடுதலை என்று நீதிபதி படித்தார். "நம்மள எப்ப புடிச்சாங்க, இப்ப வுடறதுக்கு?" என்று சூசையம்மாள் எப்சிபாவிடம் ரகசியமாகக் கேட்டார். அவருடைய ரகசியம் என்பதால் கோர்ட்டு முழுக்கக் கேட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் வேதாசலம் தனியாக நின்றுகொண்டிருந்தார். இவர்கள் வருவதைப் பார்த்துத் தயங்கி, பிறகு தானே வந்தார். "கேஸ் முடிஞ்சு போச்சு, பரவாயில்ல. அந்த வார்த்தைய மட்டும் நீங்க வாபஸ் வாங்கிக்கக் கூடாதா?" என்றார்.

சூசையம்மாள் யோசித்தார். "சொன்னத எப்டி சார் திருப்பி எடுக்கிறது. கடல்ல கொட்டுன மாரி அது." வேதாசலத்தின் முகம் விழுந்தது. "ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு படகு வந்ததும் கரைக்கு வாங்க. துள்றத நானே எடுத்துத் தரேன். எங்கிட்ட வாங்குனா பலிக்காது. வேற ஆளுகிட்ட வாங்குனா நான் பொறுப்பு இல்ல."

அன்றிலிருந்து வேதாசலம் வேறு யாரிடமும் மீன் வாங்குவதில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எங்களுக்கு ஒரு கேஸும் அமையவில்லையே என்று குப்பத்துப் பெண்களுக்கு இன்றும் மனக்குறை. அவர் பேரம் பேசுவதில்லை. சூசையம்மாளும் அவருக்கு மோசமானதைக் கொடுத்ததில்லை. ஆனால் இருவரும் பேசிக்கொள்வது மீன் எடை போடும் நேரம் மட்டும்தான். ஜன்னல் விஷயத்தில் வேதாசலத்துக்கு இன்னும் வருத்தம் உண்டு. நெத்திலி விஷயத்தில் சூசையம்மாளுக்கும் உண்டு.

திட்டு அப்படியே இருக்கிறது. கடைசியாக நான் போன அன்று நல்ல வெயில். ஏழெட்டு வலைகள் விரித்திருந்தார்கள். சூசையம்மாளின் வலை, சட்டம் தந்த தைரியத்தில், முன்னைவிட அதிகமாகவே ரோட்டில் கிடந்தது. அவர் நின்றவாக்கில் ஒரு குச்சியால் நெத்திலியைப் புரட்டியபடி, வக்கீல் இல்லாமல் பத்திரிகைக்காரனிடம் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒன்று இல்லை என்றேன். இருக்க வேண்டும் என்றார்.

வளைவில் வேதாசலத்தின் கார் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. வலைக்குச் சற்று முன்னால் வேகம் குறைந்து, ஏறக்குறைய நின்றுவிட்டது. சூசையம்மாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் பேசிக்கொண்டே, பேச்சு ஓர் இடத்திலும் அறுபடாமல், வலது காலின் பெருவிரலை வலையின் ஓரத்தில் மாட்டி, ஒரு சக்கரம் போகும் அளவுக்கு அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.